அந்த நாலு பிள்ளைங்களையும் திருப்பிக் கூப்பிடுங்க ஃபாதர்

தாளாளர் ஃபாதர் அவர்களுக்கும், ஹெச்எம் சிஸ்டர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவுல இருக்குற எல்லாருக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

பத்தாங்கிளாஸ்ல போன வாரம் என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லி நீங்க தெரிஞ்சுக்க வேண்டியதில்ல, கையெழுத்துப் போட்டதே நீங்கதான். அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன். ஸ்கூலோட தேர்ச்சி சதவீதம் குறையக்கூடாதுன்னு, பொதுத்தேர்வுக்கு நாமினல் ரோல் (பரீட்சை எழுதப்போறவங்க பேர்ப் பட்டியல்) போறதுக்கு முன்னாடி டிசி கொடுத்து வெளிய அனுப்புன அந்த நாலு பிள்ளைங்களையும் திருப்பிச் சேர்த்துக்கோங்க, நம்ம ஸ்கூல் பேர்லயே பரீட்சை எழுத விடுங்க. இந்த லெட்டர்ல நான் கேக்கப்போறது இது ஒண்ணுதான், மத்ததெல்லாம் வயித்தெரிச்சல்ல வர்றது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நான் இதே ஸ்கூல்ல படிச்சவன், இப்ப என் பொண்ணும் அதே பத்தாங்கிளாஸ்ல இருக்கா. அவளுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல, அவ மார்க் உங்களுக்குப் பிடிச்ச மார்க்தான். இதை முதல்லயே சொல்லிடுறேன், ஏன்னா "இவன் பிள்ளைக்காகத்தான் பேசுறான்"னு யாராவது உங்க காதுல போட்டுடுவாங்க.

அந்த நாலு பேர்ல ஒரு பையனைப் பத்தி மட்டும் சொல்றேன். பேர் வேண்டாம், உங்களுக்குத் தெரியும். பாதுகாவலர் திருவிழா அன்னைக்கு மைக் செட் கோளாறாகி பிஷப் பேசுறது யாருக்குமே கேக்காம இருந்தப்போ, மேடைக்கு அடியில பூந்து ஒயரை மாத்திப் போட்டு சரி பண்ணது அந்தப் பையன்தான். கொயர்ல கீபோர்டு வாசிக்கிறது அவன்தான். ஆறாங்கிளாஸ் பிள்ளைங்க முதல் தடவை ஸ்கூலுக்கு வந்து அழுதப்போ ஒவ்வொண்ணையும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய் கிளாஸ்ல விட்டதும் அவன்தான்னு என் பொண்ணு சொல்றா. ஆண்டு விழா ரிப்போர்ட்ல "நமது பள்ளி ஒரு குடும்பம்"னு நீங்க வாசிச்சீங்களே சிஸ்டர், அந்தக் குடும்பத்துல பாதி வேலையை இழுத்துப் போட்டு செஞ்சவன் அவன். கணக்குலயும் சயின்ஸ்லயும் அரையாண்டுல ஃபெயில், அது உண்மைதான், நான் மறைக்கல.

சரி, கூப்பிட்டு விட்டீங்க. அவங்க அம்மா வேலைக்கு லீவு சொல்லிட்டு, சம்பளத்துல பிடிப்பாங்கன்னு தெரிஞ்சே வந்திருக்காங்க. ஆபீஸ்ல சொன்னது என்னன்னா, "நாங்களா அனுப்பல, நீங்களா கேட்டு வாங்கிட்டுப் போற மாதிரி ஒரு லெட்டர் கொடுங்க, பையன் வெளியில தனித்தேர்வரா நிதானமா எழுதட்டும், அவன் நல்லதுக்குத்தான் சொல்றோம்". அந்த அம்மாவுக்கு கையெழுத்துப் போட வரும், லெட்டர் எழுத வராது. அப்ப என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா, வெளிய நின்ன பையனையே உள்ள கூப்பிட்டு பேப்பரையும் பேனாவையும் கொடுத்து நீயே எழுதுன்னு சொல்லியிருக்காங்க.

அவனும் எழுதியிருக்கான் ஃபாதர். அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் வரிசையா போட்டு எழுதியிருக்கான், எட்டாங்கிளாஸ்ல நம்ம தமிழ் டீச்சர் சொல்லிக் கொடுத்த மாதிரியே. "என் மகனை எனது சொந்த விருப்பத்தின் பேரில்"னு அம்மா எழுதுற மாதிரி, தன்னையே "என் மகன்"னு எழுதியிருக்கான். அதுல ஒரு எழுத்துப்பிழை இருந்துச்சாம், ஃபைல்ல வைக்கிற லெட்டர் இப்படி இருக்கக்கூடாதுன்னு வேற பேப்பர் கொடுத்து மறுபடியும் முதல்லேர்ந்து எழுத வச்சாங்களாம். அம்மா கீழ கையெழுத்துப் போட்டிருக்காங்க. இதை அந்த அம்மா என்கிட்ட சொல்லும்போது அழல, "பையன் கையெழுத்து அழகா இருக்கும்ணே, கவனமாத்தான் எழுதினான்"னு சொன்னாங்க. எனக்குத்தான் அதுக்கப்புறம் என்ன பேசுறதுன்னு தெரியல.

இப்படி ஒரு லெட்டரை எழுத வச்சுட்டு அதே கட்டடத்துல அடுத்த நாள் காலைல அசெம்பிளில ஜெபம் சொல்றதுக்கு எப்படி முடிஞ்சுச்சுன்னு நான் கேக்கல. கேக்கணும்னு தோணுது, ஆனா கேக்கல.

நூறு சதவீதம் எப்படி வருதுன்னு நம்ம கணக்கு சாரே சொல்லுவாரு. ஒரு பின்னத்தோட மதிப்பைக் கூட்ட ரெண்டு வழி, தொகுதியைக் கூட்டலாம், முடியலன்னா பகுதியைக் குறைக்கலாம். தொகுதியைக் கூட்ட டீச்சருங்க சாயங்காலம் வரைக்கும் உக்காந்து சொல்லித்தரணும், வீட்டுல என்ன நிலைமைன்னு விசாரிக்கணும், அதுக்கெல்லாம் மாசக்கணக்கா ஆகும். பகுதியைக் குறைக்க ஒரு வெள்ளைப் பேப்பர் போதும். கேட்டுக்கு மேல தொங்குற பேனர்ல "தொடர்ந்து 100% தேர்ச்சி"ன்னு போட்டிருக்கீங்க, அதுக்குப் பக்கத்துலயே ஒன்பதாங்கிளாஸ்ல எத்தனை பேர் படிச்சாங்க, பத்துல எத்தனை பேர் பரீட்சை எழுதினாங்கன்னு ரெண்டே ரெண்டு நம்பரையும் சேர்த்துப் போடுங்களேன். பேனர்ல இடமா இல்ல?

நூறு ஆட்டுல ஒண்ணு தொலைஞ்சா தொண்ணூத்தொம்பதையும் விட்டுட்டுத் தேடிப் போன மேய்ப்பனைப் பத்தி மறைக்கல்வி வகுப்புலயும் நன்னெறி வகுப்புலயும் எங்களுக்கு வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்தீங்க. பாவம் அந்த மேய்ப்பன், விவரம் தெரியாத ஆளு. தொலைஞ்சதோட பேரை ரிஜிஸ்டர்லேர்ந்து அடிச்சிருந்தா மிச்சம் இருக்குற தொண்ணூத்தொம்பதும் நூறு சதவீதம்தானே, காட்டுலயும் முள்ளுலயும் அலைஞ்சிருக்க வேண்டாம்.

கோவிச்சுக்காதீங்க. ஆனா இன்னொண்ணையும் சொல்லித்தான் ஆகணும். புனிதர்கள் படம் வராண்டா பூரா மாட்டி வச்சிருக்கோம், அதுல பங்குக் குருக்களோட பாதுகாவலர் ஜான் மரிய வியான்னி இருக்காரு. அவருக்கு லத்தீன் ஏறவே இல்ல, 1813-ல லியோன் குருமடத்துல சேர்ந்தவரை பாடம் புரியலன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. அதுக்கப்புறம் ஒரு பங்குச் சாமியார் பக்கத்துலயே உக்கார வச்சு பொறுமையா சொல்லிக் கொடுத்து, அவருக்காகப் போய்ப் பேசி, 1815-ல குருவானாரு. பரீட்சை எழுதுற பிள்ளைங்களுக்குன்னே ஒரு பாதுகாவலர் இருக்காரு, கூப்பர்த்தீனோ சூசையப்பர், பொதுத்தேர்வுக்கு முன்னாடி அவர் ஜெபப் படத்தை நீங்களே பிள்ளைங்களுக்குக் கொடுக்குறீங்க, அவரும் படிப்புல ரொம்பத் திணறுனவருதான். இவங்க ரெண்டு பேரும் இப்ப நம்ம ஸ்கூல்ல பத்தாங்கிளாஸ் படிச்சா ரிசல்ட் போர்டுக்கு ஆபத்துன்னு ஆபீஸ்க்குக் கூப்பிட்டிருப்பீங்க, ஜெபப் படத்துல இருக்குறதால தப்பிச்சாங்க.

தொன் போஸ்கோ கதையும் உங்களுக்குத் தெரியும், ஜனவரி 31-ந்தேதி விழா எடுக்குறோம், பிள்ளைங்க நாடகம் போடுறாங்க. 1841 டிசம்பர் 8, தூரின் நகரத்துல ஒரு கோவில், பூசைக்கு உதவி பண்ணத் தெரியலன்னு ஒரு அநாதைப் பையனை கோவில் பணியாளர் அடிச்சு விரட்டுறாரு. தொன் போஸ்கோ என்ன சொன்னாரு? அவன் என் நண்பன், உடனே கூப்பிட்டு வான்னு சொன்னாரு. அந்தப் பையனுக்கு எழுதப் படிக்கக்கூடத் தெரியாது. தொன் போஸ்கோ ஆரம்பிச்ச சலேசியர் சபை நடத்துற வேலை எல்லாமே அந்தப் பையனைத் திருப்பிக் கூப்பிட்ட அன்னைக்குத்தான் ஆரம்பிச்சுச்சுன்னு அவங்களே இன்னைக்கு வரைக்கும் சொல்றாங்க. நானும் அதையேதான் கேக்குறேன் ஃபாதர், திருப்பிக் கூப்பிடுங்க.

தரம் வேண்டாமான்னு நீங்க கேக்கலாம். வேணும், கண்டிப்பா வேணும், திருச்சபைச் சட்டம் 806-லயே கத்தோலிக்கப் பள்ளியோட படிப்பு அந்தப் பகுதியில இருக்குற மத்த பள்ளிகளுக்குக் குறையாத தரத்துல இருக்கணும்னுதான் சொல்லியிருக்கு. நல்லா சொல்லிக் கொடுங்கன்னு அதுக்கு அர்த்தம், நல்லா வராதவனைக் கழிச்சுக் கட்டுங்கன்னு இல்ல. 1965-ல ரெண்டாம் வத்திக்கான் சங்கம், அதான் உலகத்து பிஷப்புங்க எல்லாம் கூடுன சங்கம், கல்வியைப் பத்தி வெளியிட்ட அறிக்கையில கத்தோலிக்கப் பள்ளிக்குன்னு தனியா ஒரு வேலை சொல்லியிருக்காங்க, சுதந்திரமும் அன்பும் இருக்குற நற்செய்தி மனப்பான்மை நிறைஞ்ச ஒரு சூழலைப் பள்ளிச் சமூகத்துல உண்டாக்குறது. 1977-ல வத்திக்கான்ல இருக்குற கல்விக்கான பேராயம் "கத்தோலிக்கப் பள்ளி"ன்னு வெளியிட்ட ஏட்டுல இன்னும் பச்சையாவே எழுதியிருக்கு, வசதியானவங்க பக்கமே நம்ம பள்ளிங்க திரும்பிட்டா அநியாயமான ஒரு சமுதாயம் அப்படியே நீடிக்கிறதுக்கு நாமளே துணை போற மாதிரி ஆயிடும்னு. டிசி வாங்குன நாலு வீட்டையும் யோசிச்சுப் பாருங்க, ஒரு வீட்டுலயாவது டியூஷன் வைக்க வசதி இருக்கா? எப்படி கரெக்டா இவங்க மட்டும் மாட்டுனாங்க?

இப்ப இதையும் சொல்லிடுறேன், ரொம்ப நாளா மனசுல இருக்கு. பத்தாங்கிளாஸுக்கு பி.டி. பீரியட் கிடையாது, லைப்ரரி கிடையாது, கொயர்ல பாடக்கூடாது, மாணவர் இயக்கக் கூட்டத்துக்குப் போகக்கூடாது, பிள்ளை கிளாஸ்ல சிரிச்சாக்கூட டயரில ரிமார்க். ரிவிஷன் டெஸ்ட் மார்க்கை பேர் போட்டு வாட்ஸ்அப் குரூப்ல போடுறீங்க, கடைசி மார்க் வாங்குன பிள்ளையோட அப்பா அம்மாவும் அதே குரூப்லதான் இருக்காங்க, அதுக்குக் கீழ மத்தவங்க கைதட்டுற பொம்மை போடுறாங்க. டீச்சருங்களையும் குத்தம் சொல்ல முடியல, அவங்க பாடத்துல ஒருத்தன் ஃபெயிலானா மீட்டிங்ல எழுப்பி நிக்க வைக்கிறீங்களாமே, அப்புறம் அவங்க எப்படி மெதுவா படிக்கிற பிள்ளையை அன்பா பாப்பாங்க, அவங்களுக்கு அவன் ஒரு கண்டமாத்தானே தெரிவான். 1833-ல பாரிஸ்ல இருபது வயசு காலேஜ் ஸ்டூடண்ட் ஒருத்தர் நாலஞ்சு கூட்டாளிங்களைச் சேர்த்துக்கிட்டு ஏழைங்க வீடு தேடிப் போக ஆரம்பிச்சதுதான் வின்சென்ட் தே பவுல் சபை, அந்த ஸ்டூடண்ட் பேரு ஓசானாம். அவர் நம்ம ஸ்கூல்ல இருந்திருந்தா ஸ்பெஷல் கிளாஸை கட் அடிச்சதுக்கு அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருப்போம்.

எங்கயோ போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. நாலு பிள்ளைங்க விஷயத்துக்கே வர்றேன்.

நான் படிச்சப்போ எங்க செட்லயும் ஃபெயிலானவங்க இருந்தாங்க. ரிசல்ட் வந்த அன்னைக்கு அப்ப இருந்த ஹெச்எம் ஃபாதர் ஃபெயிலானவங்க வீட்டுக்குத்தான் சைக்கிள்ல போனாரு, பாஸானவங்க வீட்டுக்கு இல்ல. அவங்களை அடுத்த தேர்வுக்கு ஸ்கூல்லயே உக்கார வச்சுப் படிக்க வச்சாரு. அந்த வருஷம் ஸ்கூலோட சதவீதம் என்னன்னு எனக்கும் தெரியாது, எங்க செட்ல யாருக்கும் தெரியாது. அன்னைக்கு ஃபெயிலானவங்கள்ல ஒருத்தர்தான் இப்ப நம்ம பழைய மாணவர் சங்கத்துல முன்ன நின்னு ஆடிட்டோரியத்துக்குப் பணம் திரட்டிக் கொடுத்தாரு, கல்வெட்டுல பேர் இருக்கு, போய்ப் பாருங்க.

அதனால தாழ்மையோட கேட்டுக்குறேன். நாமினல் ரோல் இன்னும் மூடல, விசாரிச்சுட்டுத்தான் எழுதுறேன். அந்த "சொந்த விருப்பம்" லெட்டர் நாலையும் ஃபைல்லேர்ந்து எடுத்து அந்தந்த அப்பா அம்மா கையிலயே கொடுங்க. பிள்ளைங்களை அவங்கவங்க பெஞ்சுலயே உக்கார வைங்க, புதுசா அட்மிஷன் ஃபார்ம் நிரப்பச் சொல்லி அலைய விடாதீங்க. கணக்குக்கும் சயின்ஸுக்கும் சாயங்காலம் சொல்லித்தர எங்க செட்ல ரெண்டு பேர் ரெடியா இருக்காங்க, ஒருத்தர் காலேஜ்ல வேலை பாக்குறாரு, சம்பளம் எதுவும் வேண்டாம், ஒரு ரூமும் போர்டும் கொடுத்தா போதும். அதுக்கு மேலயும் ஒருத்தன் ஃபெயிலானா ஆகட்டுமே, நம்ம பிள்ளையா ஃபெயிலாகட்டும்.

அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்துல இதை ஒரு பொருளா எடுக்கணும்னு எழுதிக் கொடுத்திருக்கோம், இருபத்திரெண்டு பெற்றோர் கையெழுத்துப் போட்டிருக்காங்க, அதுல பாதிப் பேர் கிறிஸ்தவங்க இல்ல, இது நல்ல ஸ்கூல்னு நம்பி பிள்ளையைச் சேர்த்தவங்க. கூட்டம் வரைக்கும் காத்திருக்காம அதுக்கு முன்னாடியே நீங்க கூப்பிட்டுச் சேர்த்துட்டா அந்தப் பேப்பரை நாங்களே வாபஸ் வாங்கிக்குறோம், பிரச்சினை பண்ணணும்னு எங்களுக்கு ஆசை இல்ல. ஆபீஸ்லேர்ந்து நாலு போன், அவ்வளவுதான் ஃபாதர். அந்தப் பையனோட அம்மாவுக்கு மட்டும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க, வேலை நேரத்துல போன் எடுக்க விடமாட்டாங்க.

இப்படிக்கு,
நம்ம பள்ளியோட பழைய மாணவன், பத்தாங்கிளாஸ் மாணவி ஒருத்தியோட அப்பா