தவறான பிரேக் பெட்டியைப் பரிந்துரைத்தது குறித்துப் புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர், அல்சூர், பெங்களூரு – 560008

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவை மையம், பெங்களூரு

பொருள்: பின்னால் கட்டி இழுத்துச் செல்லப்படும் காருக்கான பிரேக் பெட்டி – பணத்தைத் திருப்பிக் கேட்டு

ஐயா,

அமெரிக்காவில் டென்வரில் இருக்கும் என் மகளும் மாப்பிள்ளையும் விடுமுறைக்கு மோட்டார்ஹோமில் (வீடு போல வசதியுள்ள பெரிய வண்டி) கிளம்பினால், பின்னால் ஜீப்பையும் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். ஜீப் மட்டுமே ஏறக்குறைய 1,900 கிலோ. அந்த எடைக்குத் தனியாக பிரேக் வேண்டும் என்று அங்கே பல மாநிலங்களில் சட்டமே இருக்கிறது. எதை வாங்குவது என்று கேட்க, ஜனவரியில் உங்கள் மையத்துக்கு நானேதான் போன் செய்தேன். பேசியவர் தமிழர் என்பதால் எல்லாவற்றையும் விளக்கமாகவே சொன்னேன். ஜீப்புக்குள் வைக்கும் உங்கள் பிரேக் பெட்டியை அவர் பரிந்துரைத்தார்.

நான் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் 31 வருடம் மெக்கானிக்காக இருந்தவன். தொப்பூர் கணவாயில் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன லாரிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரே ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். இவர்களுடைய மோட்டார்ஹோமில் எக்ஸாஸ்ட் பிரேக் (எஞ்சின் புகை போகும் வழியை அடைத்து வேகத்தைக் குறைப்பது) போட்டாலே பின்னால் பிரேக் லைட் எரியும். உங்கள் பெட்டி அந்த லைட்டுக்கு வரும் கரண்டைப் பார்த்துத்தான் ஜீப்பின் பெடலை மிதிக்கிறது. அப்படியானால் இறக்கம் முழுக்க மிதித்துக்கொண்டே இருக்காதா? "அதெல்லாம் பெட்டியே பார்த்துக்கும் சார்" என்றார். மோட்டார்ஹோமில் இருப்பது ஏர் பிரேக். கால் பிரேக்கை மிதித்தால் மட்டும் ஜீப்பிலும் பிடிக்கும்படி, அந்தக் காற்றுக் குழாயிலிருந்தே இணைப்பு எடுக்கும் வகையைப் பற்றியும் கேட்டேன். அதைப் பொருத்த ஒரு நாள் ஆகும், இதைப் பத்து நிமிடத்தில் வைத்துவிடலாம் என்றார். அவர் பேச்சை நம்பி 1,150 டாலர் கொடுத்தோம்.

ஜூன் மாதம் நானும் அவர்களுடன் இருந்தேன். டென்வருக்கு மேற்கே மலையில் உள்ள ஐசனோவர் சுரங்கப்பாதை 11,000 அடி உயரத்துக்கு மேல் இருக்கிறது. அதைத் தாண்டி டென்வர் பக்கம் வந்தால் ஜார்ஜ்டவுன் வரைக்கும் சுமார் 20 கிலோமீட்டர் இறக்கம்தான். மாப்பிள்ளை முறைப்படி எக்ஸாஸ்ட் பிரேக்கிலேயே இறக்கினார், கால் பிரேக்கை அதிகம் தொடவில்லை. பின்னால் வந்த லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். ஜார்ஜ்டவுனில் ஒதுக்கி நிறுத்தியபோது ஜீப்பின் முன்சக்கரம் இரண்டிலும் புகை. டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. பேடில் பாதி இல்லை, மீதியை விரலால் தொட்டால் கரித்தூளாக உதிர்ந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் உங்கள் பெட்டியின் கை அப்போதும் பெடலை அழுத்தியபடி இருந்தது.

அது ஓங்கி மிதித்திருந்தால்கூட மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். லேசாக, விடாமல் மிதித்ததால், அவ்வளவு பெரிய வண்டியை ஓட்டுகிறவருக்கு எதுவுமே தெரியவில்லை. ஜீப்பில் பிரேக் பிடித்திருக்கிறது என்று டிரைவர் முன்னால் காட்டும் சின்ன விளக்கைத் தனி விலைக்கு விற்கிறீர்கள் என்பதே எங்களுக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்காதது பெரிய தவறு. மோட்டார்ஹோமில் என் ஆறு வயதுப் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பெட்டியின் விலையையும், டிஸ்க், பேட் மாற்றிய 740 டாலரையும் திருப்பித் தர வேண்டும். எக்ஸாஸ்ட் பிரேக் உள்ள வண்டிக்கு இந்தப் பெட்டியை விற்பதை உடனே நிறுத்த வேண்டும். ஜனவரியில் நான் பேசியதன் ஒலிப்பதிவு உங்களிடம் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். ரசீதுகளும் டிஸ்க்கின் புகைப்படங்களும் இத்துடன் இணைத்துள்ளேன். பெட்டி மகளிடம்தான் இருக்கிறது. எழுத்துமூலம் உங்கள் பதில் வந்த பிறகே திருப்பி அனுப்புவாள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்