அன்னதானக் கூடத் திருப்பணி நிறைவு அறிக்கை

பங்காளிகள், மாமன் மச்சான்மார், ஊர்ப் பெரியவர்கள் அனைவருக்கும் கமிட்டியின் வணக்கம்.

நாலு அமாவாசை போயும் ஒரு செங்கல் ஏறவில்லை, கமிட்டிக்காரர்கள் வேப்பமரத்தடியில் டீயும் பஜ்ஜியும்தான் சாப்பிடுகிறார்கள் என்று தலைக்கட்டு வரி வாங்கப் போன இடமெல்லாம் கேட்டோம். சாப்பிட்டது உண்மைதான். அந்த நாலு அமாவாசையும் இன்ஜினியர், மேஸ்திரி, எலக்ட்ரீசியன், பிளம்பர், சமையல்காரர், பூசாரி எல்லாரையும் ஒரே வரைபடத்தைச் சுற்றி உட்கார வைத்தோம். மடப்பள்ளி கட்டியபோது பூசிய சுவரைப் பைப்புக்கு ஒரு தடவை, வயருக்கு ஒரு தடவை உடைத்தோமே, அந்த ஒட்டு இன்னும் தெரிகிறது. மறுபடி அப்படி ஆகக் கூடாது என்றுதான்.

முதல் வரைபடத்தில் அடுப்படி மேற்கே, வண்டி வந்து சாமான் இறக்கத் தோதாக இருந்தது. "ஆடிக் காத்துல புகை பூராப் பந்திக்குத்தானுங்க வரும்" என்றார் சமையல்காரர். மேற்கேயிருந்து வீசும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. அடுப்படி தென்கிழக்குக்குப் போனது. அக்கினி மூலை என்பதால் வாஸ்துக்காரர்களும் பேசவில்லை. மேற்கே துளை வைத்த ஜாலிச் சுவரும் அதற்கு வெளியே 8 அடித் தாழ்வாரமும் வைத்ததால் காற்று வருகிறது, சாயங்கால வெயில் வருவதில்லை. ஓட்டு முகட்டில் சூடு வெளியேற வழி விட்டோம். இதையெல்லாம் கூடவே உட்கார்ந்து கேட்ட எலக்ட்ரீசியன் 30 ஃபேனை 18 ஆக்கினார். அதனால் சோலாரும் இன்வெர்ட்டரும் சின்னதாயின. தனித்தனியாகக் கொட்டேஷன் வாங்கியிருந்தால் எவரும் குறைத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, எல்லாரும் கேட்கிற தளத்து விஷயம். அடுப்படி மேல்தளத்து வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, வடக்கே, மழைத் தொட்டிப் பக்கம் இருக்க வேண்டும் என்பது பேச்சு. 100 சதுர மீட்டர் தளத்தில் 1 செ.மீ. மழை பெய்தாலே 1,000 லிட்டர். நம் மானாவாரிப் பூமியில் அதை விட முடியுமா? ஒப்பந்தக்காரர் மட்டும் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. எப்போதும் போடுகிற மாதிரி தெற்கே வாட்டம் போட்டுவிட்டார். ஐப்பசியில் ஒரு ராத்திரி மழை. விடிந்து போய்ப் பார்த்தால் தொட்டியில் ஒரு சொம்பு தண்ணீர் இல்லை, தெற்கே விறகு அடுக்கிய இடத்தில் தென்னை மட்டை மிதக்கிறது.

திரும்பப் போட எக்ஸ்ட்ரா கேட்டார். மறுத்தோம். கலவை மெஷினையும் சாரத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார், 23 நாள் வேலை நின்றது. கடைசியில் ரூ.1,40,000 செலவில் பாதியை அவர் பில்லில் கழித்தோம். பாதியை ஏன் ஏற்றீர்கள் என்று கோபப்படுகிறவர்களுக்கு: வாட்டம் வரைபடத்தில் இருந்தது, ஒப்பந்தத்தில் நாங்கள் எழுதவில்லை. அது எங்கள் தப்பு. கேஸ் போட்டிருந்தால் பங்குனிப் பொங்கலுக்கு மறுபடி சாமியானாதான்.

தரை, பெயின்ட், கழிப்பறை முடிந்தன.

ஓடு காங்கயம் அரிசி ஆலைக்காரர் உபயம். சோலார் திருப்பூர் பனியன் கம்பெனிப் பங்காளிகள். பாத்திரம் சென்னிமலைத் தறிக்காரர்கள். தொட்டி வெள்ளகோவில் எண்ணெய் மில் குடும்பம். கிரைண்டர் கோவைச் சம்பந்தி வீட்டார். ஜாலிக்கல் பெயர் போட வேண்டாம் என்றவர். மற்றவர்கள் பெயர் கல்வெட்டில் உள்ளது, விடுபட்டிருந்தால் தயவுசெய்து கமிட்டியிடம் நேரில் சொல்லுங்கள்.

எஸ்டிமேட் ரூ.46,00,000. செலவு ரூ.47,10,000. கூடியதில் தளம் 70,000, போர்வெல் மோட்டார் 40,000. கணக்கு நோட்டு அடுத்த அமாவாசை அன்று மரத்தடியில் இருக்கும். டீ, பஜ்ஜி செலவு ரூ.3,640, ஐந்தாம் பக்கம்.