மழைக்காலத்தில் துடுப்புக்காரன் செய்யவேண்டியது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் முட்டுக்காட்டு முகத்துவாரத்தில் இறங்காமல், கயாக் படகைக் கவிழ்த்து வைத்தது நல்ல முடிவு. ஆனால் தை வரை இந்த மூன்று மாதமும் ஜிம்மில் கைக்குப் பயிற்சி எடுக்கப்போகிறேன் என்கிறாயே, அதைத்தான் ஏற்க முடியவில்லை. கயாக்கைத் தள்ளுவது இடுப்பும் முதுகும். கை அவற்றைத் துடுப்போடு இணைக்கும் கயிறு மாதிரி. முதலில் உட்காரப் பழகு.

அரை மணியில் கால் மரத்துப்போகிறது என்று எழுதியிருந்தாயே, அதுவும் சரியாக உட்காராததால்தான் என்று நினைக்கிறேன். பின்தொடைத் தசை இறுகியிருந்தால் இடுப்பெலும்பு பின்னால் சரியும், முதுகு கூனும், பாரம் வால் எலும்புப் பக்கம் இறங்கும். இருக்கையின் விளிம்பும் அழுத்தினால் நரம்பு நசுங்கும். சம்மணம் போட்டுச் சாப்பிடுகிறவன்தானே நான் என்பாய். சம்மணம் இடுப்பை விரிக்கும், பின்தொடையை நீட்டாது.

தினமும் தரையில் உட்கார்ந்து, பாதங்களைச் சுவரில் ஊன்றி, முழங்காலைச் சற்றே மடக்கி, முதுகுக்குச் சாய்வில்லாமல் 5 நிமிடம் இரு. வாரத்துக்கு 5 நிமிடம் கூட்டி 20-க்குக் கொண்டுபோ. ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டு துடுப்பு வலிப்பதுபோல் இடுப்பிலிருந்து திரும்பு. வலப்பக்கம் துடுப்பு வலிக்கும்போது வலப்பாதம் சுவரை அழுத்தவேண்டும். பிறகு மல்லாந்து படுத்து, பாதத்தில் துண்டை மாட்டிக் காலை உயர்த்து: 30 விநாடி, காலுக்கு மூன்று முறை. காலில் கீழ்நோக்கி விறுவிறுவென்று மின்சாரம் போல் ஓடினால் இழுபடுவது தசையல்ல, நரம்பு. உடனே தளர்த்து.

நீ எழுதியிருந்த மணிக்கட்டு வலிக்குப் பாதிக் காரணம் இறுக்கிப் பிடிப்பது. தள்ளும் கையின் விரல்கள் ஒவ்வொரு வலிப்பிலும் விரியவேண்டும். துடுப்பின் இரண்டு அலகுகளும் (முனையிலுள்ள தட்டைப் பகுதிகள்) ஒன்றுக்கொன்று 60 டிகிரி திருப்பி மாட்டியிருந்தால் 30-க்கோ பூஜ்யத்துக்கோ மாற்றிப் பார். 1 கிலோ டம்பெல்லைப் புறங்கை மேலே இருக்கப் பிடித்து, மணிக்கட்டை மெதுவாக இறக்கு; 15 முறை, மூன்று சுற்று. முன்கையைத் தொட்டால் கரகரவென்று உராய்வது தெரிந்தால் தசையை எலும்போடு கட்டும் தசைநாணின் உறை வீங்கியிருக்கிறது. அப்போது பயிற்சி கூடாது, ஓய்வுதான்.

தோளுக்குத் தண்டால் மட்டும் எடுக்காதே. ஒரு பங்கு தள்ளினால் இரண்டு பங்கு இழு. முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே துண்டைச் செருகி, ரப்பர் பட்டையை வெளிப்பக்கம் இழுப்பது வாரம் மூன்று நாள் போதும்.

வலியை 10-க்கு அளந்துபார். 3 வரை தாங்கிக்கொண்டு செய்யலாம், மறுநாள் காலைக்குள் அடங்கினால். குத்தும் வலியோ, கயாக்கை விட்டு இறங்கிய பிறகும் போகாத மரமரப்போ இருந்தால் பிசியோவிடம் காட்டிவிடு.

தையில் மறுபடி தண்ணீரில் இறங்கும் முதல் நாள் 30 நிமிடத்துக்கு மேல் போகாதே. உன் துடுப்பின் நீளமும், கயாக்குக்குள் பாதம் ஊன்றும் கட்டை எத்தனையாவது துளையில் இருக்கிறது என்பதும் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் பழைய தோழன்