மணலியில் பழுப்புக் கோடு தேடுபவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

மனை வாங்குமுன் டோப்போ ஷீட்டில் (நில அமைப்பைக் காட்டும் வரைபடத்தில்) மேடு பள்ளம் பார்ப்பது நல்ல பழக்கம்தான். கட்டட வேலைக்கு லெவல் எடுப்பவன் என்பதால் என்னிடமும் படத்தோடு வருகிறார்கள். "அண்ணே, மணலியில ஒரு பழுப்புக் கோடுகூட இல்லையே, அப்போ பள்ளமே கிடையாதுதானே?"

இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 படத்தில் அந்தப் பழுப்புக் கோடு, அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடு, வழக்கமாக 20 மீட்டர் உயரத்துக்கு ஒன்று. வியாசர்பாடி, கொடுங்கையூர், மணலி எல்லாமே கடல் மட்டத்திலிருந்து முதல் 20 மீட்டருக்குள் அடங்கிவிடும். கோடு எங்கிருந்து வரும்? வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர் நிற்க அரை மீட்டர் பள்ளம் போதும். அது இந்தப் படத்தில் தெரியவே தெரியாது.

அதனால் வேறு குறிகளைப் பாருங்கள். கறுப்புப் புள்ளியும் பக்கத்தில் எண்ணும் இருந்தால், அது கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம். ஏரிக்கரையோரம் எண்ணுக்குப் பின்னால் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் கணக்கே வேறு: சுற்றியுள்ள தரையிலிருந்து கரை எவ்வளவு உயரம் என்பது அது. நீலம் தண்ணீர் என்பது எல்லோருக்கும் தெரியும். கறுப்பில் வரைந்த ஓடையைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெயிலில் வறண்டு கிடப்பது, ஐப்பசியில் ஓடும்.

ஓரத்தில் அச்சிட்டிருக்கும் அளவை ஆண்டு மிக முக்கியம். பழைய படத்தில் ஏரி, இன்றைய பத்திரத்தில் 'நகர்' - இப்படி எத்தனையோ!

மழைக்கு முன் இந்தக் குறியீடுகளை வண்ணத்தோடு அரைப் பக்கம் வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

வாசகர்,
கொடுங்கையூர்