வீட்டு லேசர் வாங்கும் முன் நிறப்பட்டையின் கடைசிக் கட்டங்களைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பெண்கள் இணைப்பில் வீட்டிலேயே லேசரால் முடி எடுத்துக்கொள்வது பற்றி வந்திருந்த அரைப்பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என் அக்கா மகள் வந்தாள். 17 வயது, பிளஸ் டூ. "சித்தி, இந்த மெஷின் உங்ககிட்ட இருந்துச்சே, எனக்குக் குடுங்களேன்" என்றாள். சென்சிடிவ் ஸ்கின் உள்ளவர்களுக்கும் ஏற்றது என்ற வரியைப் பேனாவால் வேறு கோடிட்டிருந்தாள். அதே வரியை நம்பித்தான் ஒன்றரை வருடத்துக்கு முன் நானும் வாங்கினேன். அந்த மெஷின் இப்போது என்னிடம் இல்லை. ஏன் இல்லை என்று அவளிடம் சொன்னதையே உங்களுக்கும் எழுதுகிறேன்.

என் தோல் எப்படிப்பட்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் அந்த இடம் அரித்துத் தடித்துவிடும், கவரிங் தோடு போட்டால் சாயங்காலத்துக்குள் காது மடல் நீர் கோத்துக்கொள்ளும். கல்லூரியிலிருந்தே பிசிஓடி (சினைப்பையில் நீர்க்கட்டி, ஹார்மோன் கோளாறு), அதனால் தாடையிலும் கையிலும் காலிலும் முடி அதிகம். வாக்சிங் செய்தால் மூன்று நாளைக்குக் கை முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கும், முடி எடுக்கிற க்ரீம் ஒரே ஒரு தடவை போட்டு எரிச்சல் தாங்காமல் பாதியில் கழுவினேன். ரேசர் எடுத்தால் அம்மா சும்மா விடமாட்டார், "சவரம் பண்ணினா இன்னும் கருகருன்னு மொளைக்கும்டி" என்பார். (அது உண்மையில்லை. வெட்டுப்பட்ட முனை மழுங்கி இருப்பதால் தடிப்பாகத் தெரியும், அவ்வளவுதான், வேருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் அதை எங்கள் வீட்டில் யாரும் நம்பத் தயாராக இல்லை.) இப்படி எல்லா வழியும் அடைபட்ட ஒருத்திக்கு, வலியில்லை, சென்சிடிவ் ஸ்கின்னுக்கு ஏற்றது, ஐந்து லட்சம் ஃப்ளாஷ் என்று போனில் திரும்பத் திரும்ப ஒரு விளம்பரம் வந்தால் எத்தனை நாள்தான் வாங்காமல் இருப்பாள்?

வாங்கினேன். விலையைச் சொன்னால் அக்கா படித்துவிடுவாள், விடுங்கள்.

பெட்டியில் லேசர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அது லேசரே இல்லை. வீட்டுக்கு விற்கிற கருவிகளில் பெரும்பாலானவை ஐபிஎல், அதாவது இன்டென்ஸ் பல்ஸ்டு லைட், என்ற வகை. உள்ளே இருப்பது கேமரா ஃப்ளாஷில் இருக்கிற மாதிரி ஒரு செனான் விளக்கு, பளிச் பளிச்சென்று அடிக்கும். லேசர் என்றால் ஒரே அலைநீளத்தில் குறி வைத்துப் போகிற ஒளி. இது பல அலைநீளங்கள் கலந்த ஒளி, ஒரு கண்ணாடி வடிகட்டி வழியாக வருகிறது. நிஜமான லேசரை வீட்டுக் கருவியாக விற்றவர்களும் உண்டு. டிரியா என்ற அமெரிக்க நிறுவனத்தின் 810 நானோமீட்டர் டையோடு லேசருக்கு அந்த நாட்டில் 2008-இல் அனுமதி கிடைத்தது. அதுகூடக் கருமையான தோலில் வைத்தால் வேலை செய்யாமல் பூட்டிக்கொள்ளும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. ஏன் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று நான் யோசித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

லேசரோ ஐபிஎல்லோ, இரண்டுமே தேடிப் போவது மெலனினை, அதாவது கருமை நிறத்தை. முடியில் உள்ள கருமை ஒளியை வாங்கிச் சூடாகும், அந்தச் சூட்டில் வேர்ப்பகுதி பாதிக்கப்படும், முடி மறுபடி வளர நாளாகும் அல்லது மெலிந்து வளரும். ஒளியின் அலைநீளத்தையும் அடிக்கிற நேரத்தையும் சரியாக வைத்தால் சுற்றியிருக்கிற திசு கெடாமல் நிறமுள்ள பொருளை மட்டும் சூடாக்கலாம் என்று ராக்ஸ் ஆண்டர்சன், ஜான் பாரிஷ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவர்கள் 1983-இல் எழுதினார்கள், இந்தத் தொழில் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. வெள்ளைத் தோல், கறுப்பு முடி என்றால் கணக்குச் சுலபம். நம் ஊரில் தோலும் கறுப்பு, முடியும் கறுப்பு. ஒளிக்கு எது முடி எது தோல் என்று எப்படித் தெரியும்? தோலும் சேர்ந்துதான் சூடாகும்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. முதலில் செய்ததைச் சொல்கிறேன்.

முதல் நாள் கையின் உட்புறம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே, சின்ன இடத்தில், ஒளியின் வலுவை மூன்றாம் அளவில் வைத்து அடித்துப் பார்த்தேன். இரண்டு நாள் பொறுத்தேன், ஒன்றும் ஆகவில்லை. பரவாயில்லையே, ஸ்டிக்கர் பொட்டுக்கே சண்டை போடுகிற தோல் இதற்கு அமைதியாக இருக்கிறதே என்று ஒரே சந்தோஷம். அடுத்த ஞாயிறு மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது கதவைச் சாத்திக்கொண்டு காலுக்கும் முன்னங்கைக்கும் அடித்தேன். மூன்றில் ஒன்றும் தெரியாததால் நான்கு, அப்புறம் ஐந்து. மயிர் பொசுங்குகிற வாசனை வந்தது, வேலை செய்கிறது என்றுதான் நினைத்தேன். சுரீர் சுரீரென்று இருந்தது, அதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன். விட்ட இடம் எது, அடித்த இடம் எது என்று தெரியாமல் சில இடத்தில் இரண்டு தடவை அடித்திருக்கிறேன் போல.

சாயங்காலம் முன்னங்காலில் சிவப்பாகக் கட்டம் கட்டமாக எழும்பியிருந்தது. கருவியின் வாய் செவ்வகமாக இருக்கும் இல்லையா, அதே செவ்வகம், ஒன்றன்கீழ் ஒன்றாக ஏணிப்படி மாதிரி. மறுநாள் இரண்டு இடத்தில் கொப்புளம். நாலாவது நாள் சிவப்புப் போய்க் கருப்பு வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "என்னடி, கால்ல பாய்த் தடம் பதிஞ்சிருக்கு?" என்று கேட்டார். ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரமாகியும் போகாத பாய்த் தடம் எங்கே இருக்கிறது, அதற்குள் அவருக்கும் புரிந்துவிட்டது.

கையின் உட்புறத்தில் ஒன்றும் ஆகாதது காலில் ஏன் ஆனது என்பதுதான் என் முக்கியமான பாடம். ஒரே உடம்பில் ஒரே நிறம் கிடையாது. நான் தினமும் திருநகரிலிருந்து ஸ்கூட்டியில் போய் வருகிறவள். மதுரை வெயிலில் என் முன்னங்கையும் காலும் ஒரு நிறம், ரவிக்கைக்குள் இருக்கிற கை வேறு நிறம். நான் சோதித்துப் பார்த்தது உடம்பிலேயே வெளுப்பான இடத்தில், அடித்தது கருத்த இடத்தில், அதுவும் அளவைக் கூட்டி. சோதனை செய்வதென்றால் எங்கே அடிக்கப் போகிறோமோ அங்கேயே, குறைந்த அளவில் செய்துவிட்டு ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். மச்சத்தின் மேலும் பச்சை குத்திய இடத்திலும் வைக்கவே கூடாது. கண் பக்கம் கொண்டுபோகவே கூடாது, புருவம் திருத்த இதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

அப்புறம்தான் கையேட்டை எடுத்துப் படித்தேன். ஆங்கிலத்திலும் சீன மொழியிலும் பொடி எழுத்து. 11-ஆம் பக்கத்தில் ஆறு கட்டம் போட்ட ஒரு நிறப்பட்டை, வெளுப்பில் ஆரம்பித்துக் கறுப்பில் முடிகிறது. முதல் நான்குக்கு டிக், ஐந்துக்கும் ஆறுக்கும் பெருக்கல் குறி. முன்னங்கையைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஐந்து. வாங்கிய தளத்தில் போய்த் தேடினால், பொருளின் படங்களை விரலால் தள்ளிக்கொண்டே போனால் ஏழாவது படமாக அதே பட்டை இருக்கிறது. முதல் ஆறு படத்திலும் பால் நிறத்தில் ஒரு பெண்ணின் கால்.

இந்த ஆறு கட்டக் கணக்குக்கு ஃபிட்ஸ்பேட்ரிக் அளவு என்று பெயர். ஹார்வர்டில் இருந்த தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975-இல் தோல் நோய்க்கு ஒளிச் சிகிச்சை கொடுக்கும்போது அளவை முடிவு செய்யக் கொண்டுவந்தது. ஆரம்பத்தில் வெள்ளைத் தோலை மட்டும் பிரித்துப் பார்த்தார்கள். மாநிறமும் கறுப்பும் பின்னால் சேர்த்த கட்டங்கள். நம்மில் பெரும்பாலோர் நான்கு, ஐந்து, ஆறு. அதாவது, நம் ஊரில் விற்கிற பொருளின் பட்டையில் நம் ஊர்க்காரர்களில் பலர் பெருக்கல் குறிக்குக் கீழே நிற்கிறோம்.

சென்சிடிவ் ஸ்கின் என்ற சொல்லைப் பற்றி எனக்குக் கோபமே இதனால்தான். என் தோல் அரிக்கிற தோல் என்பது வேறு, கருத்த தோல் என்பது வேறு. இந்தக் கருவிக்கு முதலில் பார்க்க வேண்டியது இரண்டாவது. பொட்டு ஒத்துக்கொள்ளாத வெளுத்த பெண்ணுக்கு இது கெடுதல் ஒன்றும் செய்யாமல் போகலாம், எதைப் பூசினாலும் தாங்குகிற கறுத்த பெண்ணுக்குச் சுட்டுவிடலாம். விளம்பரம் சென்சிடிவ் ஸ்கின்னைப் பற்றி வாய் கிழியப் பேசுகிறது, நிறத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. கறுப்பு என்று சொன்னால் பொருள் விற்காது என்று தெரிந்துதான் இருக்கும்.

அடுத்து நான் செய்த முட்டாள்தனம். கருப்பு போக மெடிக்கலில் கேட்டேன், சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு ட்யூப் எடுத்துக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் போட்டதில் நன்றாக வெளுத்தது, நிறுத்தியதும் முன்னைவிடச் சிவந்து எரிந்தது. அரசு மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போனபோது அங்கிருந்த டாக்டரம்மா ட்யூபைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா, யார் குடுத்தா?" என்றார். க்ரீமை நிறுத்தச் சொல்லி, வெயில் படாமல் பார்த்துக்கொள்ள சன்ஸ்க்ரீனும், ஈரப்பசைக்கு ஒரு களிம்பும் எழுதிக் கொடுத்தார். மஞ்சள் பூசவா என்று கேட்டதற்கு, புண்ணான தோலில் சமையலறையைக் கொண்டுவந்து கொட்டாதே என்றார். தடம் மங்க ஏழு மாதம் ஆனது. இடது காலில் இரண்டு கட்டம் இன்னும் லேசாகத் தெரிகிறது.

கறுத்த தோலுக்கு வழியே இல்லையா என்று அவரிடமே கேட்டேன். இருக்கிறதாம். 1064 நானோமீட்டரில் வேலை செய்கிற என்டி-யாக் என்ற லேசரை மெலனின் குறைவாகவே உறிஞ்சும், ஒளி ஆழமாக இறங்கிவிடும், அதனால் மேல்தோல் தப்பிக்கும். வெளுத்த தோலுக்கு 755 நானோமீட்டரில் உள்ள அலெக்சாண்ட்ரைட் என்ற லேசர் நன்றாக வேலை செய்யும், அதை நமக்கு அடித்தால் சுடும். அதுவும் ஒரே தடவையில் முடிவதில்லை. எந்த நேரத்திலும் ஒரு பகுதி முடிதான் வளர்ச்சிப் பருவத்தில் இருக்கும், மற்றதெல்லாம் ஓய்வில் இருக்கும், அதனால் நான்கு முதல் ஆறு வார இடைவெளியில் பல தடவை போக வேண்டும். போவதற்கு முன் வாக்சிங்கோ த்ரெட்டிங்கோ செய்யக் கூடாது, வேர் உள்ளே இருந்தால்தான் சூடு அங்கே போகும், சவரம் மட்டும் செய்யலாம். நரைத்த முடிக்கு எதுவும் பலிக்காது. நிரந்தரம் என்று சொல்கிறார்களே, அமெரிக்காவில்கூட முடி நிரந்தரமாகக் குறையும் என்று சொல்லத்தான் அனுமதி, அடியோடு போய்விடும் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு இன்னொரு ஆபத்தையும் சொன்னார். நம் மாதிரி நிறத்தில், ஹார்மோன் கோளாறும் இருந்தால், குறைந்த சூடு பட்டுத் தூங்குகிற பூனைமுடி எழுந்து தடித்து வளர்வதும் உண்டாம். பிசிஓடி உள்ளவள் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், முகப்பருவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைச் சொல்லாமல் எந்த ஒளியிடமும் போகக் கூடாது. டாக்ஸிசைக்ளின் மாதிரிச் சில மாத்திரைகள் தோலை வெளிச்சத்துக்கு எளிதில் கன்ற வைத்துவிடும்.

வாங்கிய தளத்தில் நடந்ததை எழுதி ஒரு நட்சத்திரம் கொடுத்தேன். மறுநாளே விற்றவரிடமிருந்து செய்தி, அதை நீக்கினால் 500 ரூபாய் கூப்பன் தருகிறோம் என்று. அதையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டேன், தமிழிலேயே பேசினார்கள். கருவியைத் திருப்பி அனுப்பி 23 நாளில் பணம் வந்துவிட்டது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், என்னைப் போல் கால் கருத்துப்போன பாதிப் பேர் வெட்கத்தில் யாரிடமும் சொல்வதில்லை. முடி எடுக்கப் போய்ச் சுட்டுக்கொண்டேன் என்று எப்படிச் சொல்வது என்று நினைக்கிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், விளம்பரத்தில் சிரிக்கிற பிரபலத்துக்கும் அதில் பொறுப்பு உண்டு.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். இதைப் பற்றி அடுத்த முறை எழுதும்போது லேசர் வேறு, ஐபிஎல் வேறு என்று பிரித்து எழுதுங்கள். அந்த ஆறு கட்டப் பட்டையைக் கலரில், நம் நிறங்கள் தெரிகிற மாதிரி, செய்தியின் பக்கத்திலேயே போடுங்கள். ஒரு தோல் மருத்துவரிடம் கேட்டு எழுதுங்கள், கம்பெனி கொடுத்த தாளைப் பார்த்து எழுதாதீர்கள். பெட்டிமேல் தமிழில் எச்சரிக்கை வர வேண்டும் என்று நீங்கள் ஒரு தலையங்கம் எழுதினால் நான்கு பேர் காதில் விழும், நான் கத்தினால் எங்கள் தெருவைத் தாண்டாது.

அக்கா மகளுக்கு ஒரு டிரிம்மர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பரீட்சை முடிந்ததும் தோல் மருத்துவரிடம் கூட்டிப் போவதாகப் பேச்சு. சென்சிடிவ் வரியின் கீழ் அவள் போட்ட கோட்டுக்குப் பக்கத்தில் நான் ஒரு பெருக்கல் குறி போட்டு அந்தத் தாளை இத்துடன் வைத்திருக்கிறேன்.

கடிதத்தைப் பிரசுரித்தால் பெயர் போடாதீர்கள். எங்கள் அலுவலகத்தில் உங்கள் பேப்பர்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை.