அப்பாவுக்கு, வகுத்தல் கணக்கு விஷயமாக

ஸ்டுட்கார்ட்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அப்பாவுக்கு,

போன வாரம் ஞாயிறு வகுப்பில் வீடியோ காலில் நீங்கள் போட்ட வகுத்தல் பேத்திக்குப் புரியவில்லை என்றதும், கோபித்துக்கொண்டு போனை வைத்துவிட்டீர்கள். திருவல்லிக்கேணியில் 30 வருஷம் டியூஷன் எடுத்தவனுக்கு நாலாம் வகுப்புக் கணக்கு சொல்லித்தரத் தெரியாதா என்று அம்மாவிடம் கேட்டீர்களாம். போனில் என்னைப் பேசவே விடமாட்டீர்கள், தவிர கணக்கை எழுதிக் காட்டினால்தான் புரியும், அதனால்தான் கடிதம்.

தப்பு உங்கள் மேலும் இல்லை, பேத்தி மேலும் இல்லை. நீங்கள் போர்டில் 6 எழுதி, வளைகோடு போட்டு, உள்ளே 738 எழுதி, ஈவைத் தலைக்கு மேலே ஏற்றினீர்களே, அந்த வளைகோட்டை அவள் பார்த்ததே இல்லை. இங்கே ஜெர்மனியில் வகுத்தல் குறி ரெண்டு புள்ளி. 738 : 6 = என்று ஒரே வரியில் எழுதிவிட்டு, விடையை வலது பக்கம் ஒவ்வொரு இலக்கமாகப் போட்டுக்கொண்டே போகிறார்கள். 7-ல் 6 ஒரு தடவை, சமக்குறிக்குப் பக்கத்தில் 1, மீதி 1. 3-ஐ இறக்கினால் 13, ரெண்டு தடவை, மறுபடி மீதி 1. 8-ஐ இறக்கினால் 18, மூணு தடவை, மீதி இல்லை. 123. கழிப்பதும் இறக்குவதும் நீங்கள் சொல்லித்தந்ததேதான், ஈவு உட்காரும் இடம்தான் மாறியிருக்கிறது.

கழித்தல்தான் எனக்கே ரெண்டு நாள் பிடிபடவில்லை. 52-ல் 27 போக என்றால் நீங்கள் "பக்கத்து வீட்டில் கடன் வாங்கு" என்பீர்கள். அவள் வகுப்பில் கடனே கிடையாது (உங்கள் மாப்பிள்ளை கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டார்). 7-உடன் எத்தனை சேர்ந்தால் 12? 5. கையில் 1. அதைக் கீழே இருக்கிற 2-உடன் சேர்த்தால் 3. 3-உடன் எத்தனை சேர்ந்தால் 5? 2. ஆக 25. யோசித்துப் பார்த்தால் நம் தெரு மளிகைக்கடைக்காரர் சில்லறை கொடுப்பது இப்படித்தானே, 27 ஆச்சு, இந்தா 30, 40, 50 என்று எண்ணிக்கொண்டே கையில் வைப்பார்.

கூட்டல், பெருக்கல் கலந்து வந்தால் எதை முதலில் போடுவது என்று சொல்லும் போட்மாஸுக்கும் இங்கே வேறு வாய்பாடு: புள்ளி முதலில், கோடு அப்புறம். பெருக்கலுக்கு ஒரு புள்ளி, வகுத்தலுக்கு ரெண்டு புள்ளி, கூட்டலும் கழித்தலும் கோடு, அவ்வளவுதான். 4 + 3 · 5 என்றால் புள்ளியை முதலில் பார்த்து 15, அப்புறம் 19. எனக்கு இது போட்மாஸை விடப் பிடித்திருக்கிறது, கோபப்படாதீர்கள்.

எண்ணை வாயால் சொல்வதுதான் கொடுமை. 47-ஐ "ஏழும் நாற்பதும்" என்கிறார்கள். யாராவது எண் சொல்லச் சொல்ல எழுதினால் என் கை தானாக 74 போட்டுவிடும், இவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். புள்ளியும் கமாவும்கூட இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன, இரண்டரை என்றால் 2,5. வந்த புதிதில் ஒரு சோபாவுக்கு 1.200 யூரோ என்று போட்டிருந்ததைப் பார்த்து, ஒன்றேகால் யூரோகூட இல்லையா என்று வாயைப் பிளந்தேன். அது ஆயிரத்து இருநூறு.

ஒன்று மட்டும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான், ஸ்டெப். இவள் மனசுக்குள் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதியிருந்தாள். விடை சரி, ஆனால் டீச்சர் ஓரத்தில் பென்சிலால் "ரெஹன்வேக்?" என்று எழுதியிருந்தார். கணக்கு போன வழி எங்கே என்று அர்த்தம். விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு என்று நீங்கள் கத்துவது காதில் விழுந்தது. இவள் சும்மா இருப்பாளா, "தாத்தா வீட்டுப் பக்கம் இருந்த ராமானுஜன் மட்டும் விடையைத்தானே எழுதினார்?" என்கிறாள். அவர் வழியெல்லாம் சிலேட்டில் போட்டு முழங்கையால் அழித்துவிடுவார், காகிதம் வாங்கக் காசில்லை, உனக்குக் கட்டம் போட்ட நோட்டு நாலு இருக்கிறது என்றேன். நம்பவில்லை, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் ஞாயிறு வகுப்பை நிறுத்த வேண்டாம். வளைகோட்டை விட்டுவிட்டு ரெண்டு புள்ளியில் போடுங்கள், போதும். அக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள், அப்புறம் நமக்குள் நாலரை மணி நேர வித்தியாசம். நாங்கள் நாலு மணிக்குக் கூப்பிட்டால் உங்களுக்கு எட்டரை. சாப்பிட்டுவிட்டு உட்காருங்கள். போர்டை டியூப்லைட்டுக்கு நேராக வைக்காதீர்கள், போன தடவை 6-ம் 8-ம் ஒரே மாதிரி தெரிந்தது.

இப்படிக்கு,
பெரியவள்