பன்னிரண்டு சொற்களை உறுதியோடு வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இணைய நாணயமான பிட்கொயின் விலை ஏறினாலும் உங்கள் பத்திரிகையில் செய்தி வருகிறது, விழுந்தாலும் வருகிறது. அதை வாங்கினவர்கள் எப்படிப் பாதுகாத்து வைப்பது என்று ஒருநாளும் வாசித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாரியில் கொக்குவில் பக்கமிருந்து ஒரு பிள்ளை வந்தாள். வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறவள். சம்பளம் டொலருக்குச் சமனான யூஎஸ்டிடி என்ற இணைய நாணயத்தில், போனிலுள்ள வொலட்டுக்கு, அதாவது அந்த நாணயத்தைக் கையாளும் செயலிக்கு வரும். போன் அப்டேட் ஆகும்போது லோகோவோடு நின்றுவிட்டது. "அண்ணை, ரீசெட் அடிச்சுத் தாங்கோ, படமெல்லாம் கூகிளிலை கிடக்கு" என்றாள். ரீசெட் அடித்தால் போனிலுள்ளதெல்லாம் அழிந்துவிடும். நானும் அடித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் பின்னேரம் அதே போனோடு வந்து நின்றாள். வொலட்டைத் திரும்ப இறக்கியிருக்கிறாள்; அது பன்னிரண்டு சொற்களைக் கேட்கிறது. "எந்தப் பன்னிரண்டு சொல்லு அண்ணை?" என்று என்னைக் கேட்டாள். முதல்நாள் வொலட் திறந்தபோது அந்தச் சொற்களை எழுதி வை என்று கேட்டிருக்கும். "பிறகு" என்பதை அமத்திவிட்டுப் போயிருக்கிறாள். மூன்று மாத உழைப்பு, 640 டொலர். ரீசெட் அடித்தது என் கை. அதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தக் காசு நின்றிருக்கக்கூடும். அன்றிலிருந்து யார் ரீசெட் கேட்டாலும், "இதுக்குள்ளை வொலட் ஏதும் இருக்கோ? சொல்லுகள் எழுதி வைச்சிருக்கிறியளோ?" என்று கேட்காமல் போனைத் தொடுவதில்லை.

வங்கி அட்டை தொலைந்தால் வேறு அட்டை தருவார்கள். இங்கே தருவதற்கு ஆளில்லை. நாணயம் போனுக்குள் இல்லை, உலகம் முழுக்கப் பரவிய பொதுக் கணக்கேட்டில் பதிந்து கிடக்கிறது. அதை அசைக்கும் சாவி அந்தப் பன்னிரண்டு சொற்கள்தான், சில வொலட்டில் இருபத்துநான்கு. சொற்கள் இருந்தால் போன் கிணற்றுக்குள் விழுந்தாலும் வேறு போனில் காசு வரும். சொற்கள் இல்லாவிட்டால் போனைத் திருத்தித் தந்தும் பலனில்லை.

எழுதுவதிலும் கவனம் வேண்டும். உரும்பிராய் ஐயா ஒருவருக்குக் கனடாவிலுள்ள மகன் வொலட் திறந்து, சொற்களைப் போனில் வாசித்திருக்கிறார். ஐயா கொப்பியில் அழகான தமிழில் எழுதி வைத்திருந்தார். ஏழாவது சொல் "காட்". வொலட் இந்தச் சொற்களை எடுக்கும் பட்டியலில் மொத்தம் 2048 சொற்கள். ஜப்பானிய மொழியிலும் பிரெஞ்சிலும் பட்டியல் உண்டு, தமிழில் இல்லை. ஆங்கிலப் பட்டியலில் அட்டை என்ற காட்டும் இருக்கிறது, மாட்டுவண்டி என்ற காட்டும் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கடையில் அவரின் வொலட்டைத் திறக்க அட்டையைப் போட்டோம், பிழை என்றது. வண்டியைப் போட்டோம், திறந்தது. ஐயா கதிரையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டார். ஆங்கில எழுத்திலேயே, ஒவ்வொரு எழுத்தாக எழுதுங்கள். முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே சொல்லைக் கண்டுபிடித்துவிடலாம்.

பிறகு ஐயாவிடம் ஒன்று சொன்னேன். "உங்கடை சொல்லுகளை நான் பார்த்திட்டன். இண்டைக்கே மகனைக் கொண்டு புது வொலட் திறந்து காசை மாத்துங்கோ. புதுச் சொல்லுகளைப் போனிலை வாசிக்க விடாதேங்கோ, எனக்கும் காட்டாதேங்கோ." அவருக்கு முகம் சுருங்கிவிட்டது, என்னை நம்பித்தானே வந்தவர். ஆனாலும் சொற்களைக் கண்ட எவரும் காசை எடுத்துவிடலாம், சொல்லத்தான் வேண்டும். பக்கத்தில் ஆள் நிற்கக் கடையில் சத்தமாகச் சொற்களை வாசிக்கிறவர்களைக் கண்டிருக்கிறேன். ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைக்கிறார்கள், அது தானாகவே கூகிளுக்கு ஏறிவிடுகிறது. வைபரில் மச்சானுக்கு அனுப்பி வைக்கிறார்கள்.

வாங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். கிரிப்டோ எனப்படும் இந்த இணைய நாணய வியாபாரம் நடத்த எந்த நிறுவனத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று மத்திய வங்கி எச்சரித்திருக்கிறது. டெபிட், கிரெடிட் அட்டையால் வாங்கவும் 2021ஆம் ஆண்டுப் பணிப்புரைப்படி இடமில்லை. ஆகவே ஆளுக்கு ஆள் வங்கிக் கணக்கில் காசு மாற்றித்தான் பலர் வாங்குகிறார்கள், விற்கிறார்கள். என் வாடிக்கையாளர் ஒருவர் விற்றபோது, பேசின ஆளின் பெயரில் இல்லாமல் மூன்றாம் ஆளின் பெயரில் காசு வந்தது. எடுத்துக்கொண்டார். அது யாரையோ ஏமாற்றிய காசு. கணக்கு முடங்கி, பொலிசில் வாக்குமூலம் கொடுத்து அலைந்தார். பெயர் பொருந்தாவிட்டால் நாணயத்தை விடக்கூடாது. அனுப்பிவிட்டேன் என்று காட்டும் படத்தையும் நம்பக்கூடாது, கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும். அனுப்பும்போது முதலில் ஐந்து டொலர் அனுப்பி, சேர்ந்ததா என்று பார்த்துவிட்டு மிச்சத்தை அனுப்புங்கள். யூஎஸ்டிடி பல வலையமைப்புகளில் ஓடுகிறது, டி-யில் தொடங்கும் முகவரி ட்ரொன் வலையமைப்பு, பூச்சியமும் எக்ஸுமாகத் தொடங்குவது எதீரியம் வகை; ஒன்றுக்கு மற்றதை மாறிப் போடாதீர்கள். வொலட்டிலுள்ள பழைய கொடுக்கல்வாங்கல் பட்டியலிலிருந்து முகவரியைப் பிரதி எடுக்காதீர்கள். நீங்கள் வழக்கமாக அனுப்பும் முகவரி போலவே தொடக்கமும் முடிவும் உள்ள முகவரியிலிருந்து சில்லறை அனுப்பி, அந்தப் பட்டியலில் புகுந்திருக்கும் கள்ளர் உண்டு.

நாணயத்தை வாங்கி விற்கும் பரிமாற்றத் தளத்திலேயே விட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்கிறார்கள். 2014இல் டோக்கியோவில் மவுண்ட் கொக்ஸ் என்ற தளமும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற தளமும் விழுந்தபோது, அங்கே விட்டவர்கள் கைபிசைந்து நின்றார்கள். தளத்தில் இருப்பது அவர்களின் பெட்டியில் இருக்கும் உங்கள் காசு.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது, எனக்கு ஒன்பது வயது. நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் நெரிந்து போகும்போது அம்மா இடுப்பில் ஒரு சீலைப் பையைக் கட்டியிருந்தா. காணி உறுதி, எங்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், அடகுச் சிட்டு, எல்லாம் பொலித்தீனில் சுற்றி. அரிசியைக்கூட வழியில் இறக்கி வைத்தா, பையை அவிழ்க்கவில்லை. அதே பையில்தான் இந்தச் சொற்களுக்கும் இடம். ஒரு பிரதி வீட்டு உறுதியோடு, மற்றது சகோதரம் வீட்டில், ஒட்டிய உறைக்குள். மனைவிக்கோ பிள்ளைக்கோ எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். மரண அத்தாட்சிப் பத்திரத்தைக் கொண்டுபோய் வங்கியில் கேட்கலாம், இங்கே கேட்க ஒரு கவுண்டரும் இல்லை.

ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்கி, இவற்றை எளிய தமிழில் போடுங்கள் ஆசிரியரே. வெட்டியெடுத்து, ரீசெட் அடிக்கும் மேசைக்கு மேலே ஒட்டி வைக்கிறேன்.

இப்படிக்கு,
போன் திருத்துநர் ஒருவர்,
திருநெல்வேலி, யாழ்ப்பாணம்.